மாமாவின் தோளுக்கு ஒரு கப்பி

என் அக்காவின் கணவரை லிஃப்ட் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளி முதல் வாசல் காவலர் வரை "'ஏன்-எதுக்கு' எங்கப்பா?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு அவர் மாமா. இருபது வருடமாக நானும் அதே கம்பெனியில் அவரோடு ஒரே ஏணியில் ஏறி இறங்கியவன் என்பதால், அந்தப் பட்டம் எவ்வளவு பொருத்தம் என்பதை என்னைவிட அறிந்தவர் கிடையாது. அவரோடு ஒரு நாள் வேலை பார்த்தால் நமக்கு வாய் வலிக்கும். பதில் சொல்லிச் சொல்லித்தான்.

அவர் இந்த வேலைக்கு வந்த கதையே ஒரு கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. பத்தொன்பது வயதில் ஏதோ ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனவர், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்டில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டார். கூட இருந்த மூன்று பேரும் கதவு திறந்ததும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று படியில் ஓடிவிட்டார்கள். இவர் மட்டும் கதவைத் திறந்துவிட்ட மெக்கானிக்கை விடவில்லை. ஏன் நின்றது, கயிறு அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், ஒரு கயிறு போதாதா, எதற்கு நாலு என்று அவர் பின்னாலேயே மொட்டைமாடி மெஷின் ரூம் வரை போய்விட்டார். தொல்லை தாங்காமல் அந்த மனிதர், "நாளைக்கு ஆபீசுக்கு வா, காட்றேன்" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் போனவர் முப்பத்து நாலு வருடம் அங்கேயே இருந்துவிட்டார்.

இன்னொரு பைத்தியமும் அவருக்கு உண்டு, சோப்பு. லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறினால் கிரீஸும் தூசியும் கழுத்து வரை அப்பிக்கொள்ளும். நாங்களெல்லாம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவோம். அவர் வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் குளிக்காமல் யார் பக்கத்திலும் உட்கார மாட்டார். "இவரு குளிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு தடவை சமைச்சிடுவேன்" என்று அக்கா அலுத்துக்கொள்வாள். அலுப்பில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

பக்கவாதம் வந்த காலையிலும் மாமா சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். இடது கை பாதியில் நின்றுவிட்டது. அதைக் குனிந்து பார்த்து, "இது ஏன் வரல?" என்று அக்காவிடம் கேட்டாராம். அவள் அலறி அடித்துக்கொண்டு எனக்குப் போன் செய்தபோது, பின்னாலிருந்து, "கத்தாதே, கால் வருதான்னு பாரு" என்று அவர் சொல்வது எனக்கே கேட்டது. மருத்துவமனையில் பன்னிரண்டு நாள். பேச்சுக்குச் சேதமில்லை. கால் தடியோடு நடக்கும் அளவுக்குத் தேறியது. இடது கை மட்டும் தோளிலிருந்து ஈரத்துணி மாதிரி தொங்கியது.

வலி பிறகுதான் வந்தது. நாலாவது வாரம் லேசாக ஆரம்பித்து ஆறாவது வாரத்தில் தோளைத் தொட்டாலே துள்ள ஆரம்பித்தார். கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டார். அக்கா அக்குளைத் துடைக்கத் துணியை நுழைத்தால் உயிர் போகிற மாதிரி கத்துவார். அவள் கையை எடுத்துவிடுவாள். இப்படியே விட்டதில் அந்த இடம் வெந்து புண்ணாகி நாற்றமெடுக்கத் தொடங்கியது. மாமாவுக்கு அது எங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மேசைக்கு வருவதை நிறுத்தினார். படுக்கையைப் பின்னறைக்கு மாற்றச் சொன்னார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனால், "அங்க வச்சிட்டுப் போ" என்பார். கேள்வியே கேட்காத மாமாவை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு பயமாக இருந்தது.

வாரம் மூன்று நாள் அவரைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போவது என் வேலை. ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டு அறை. ஒன்றில் கட்டில்கள், இன்னொன்றில் ஆளுயரக் கண்ணாடியும், பிடித்து நடக்க இரண்டு கம்பிகளும், சுவரில் தசைகள் வரைந்த மனிதப் படமும். பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். எதையும் குறித்துக்கொள்ளத் தாள் கிடைக்காவிட்டால் தன் உள்ளங்கையிலேயே எழுதிக்கொள்வார். முதல் நாளே எனக்கு அர்ச்சனை. மாமாவை நாற்காலியிலிருந்து எழுப்ப இடது கையைப் பிடித்து இழுத்தேன்.

"சார், அது கைப்பிடி இல்ல. விடுங்க."

என் விரலைப் பிடித்து மாமாவின் தோள் முனையில் வைத்தார். எலும்புக்குக் கீழே ஒரு பள்ளம். என் விரல் அதில் போய் உட்கார்ந்தது. தோளின் குண்டு அதன் கிண்ணத்தில் நிற்பதே சுற்றியிருக்கும் தசைகளின் பிடியில்தான் என்றும், அவை தளர்ந்ததால் கையின் கனமே குண்டைக் கீழே இறக்கிவிட்டது என்றும் சொன்னார். இழுத்தால் உள்ளே இருப்பது நசுங்கும். எழுப்பும்போது இடுப்பைப் பிடிக்க வேண்டும், உட்கார்ந்தால் முழங்கைக்குக் கீழே தலையணை, படுத்தால் இன்னொன்று.

"இப்படியே வலியில ஒட்டி வச்சிருந்தா தோள் இறுகிடும். அப்புறம் கக்கத்தைத் திறக்கவே முடியாது. அந்தப் புண்ணு ஆறாது" என்றார்.

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

அங்கே கதவு நிலையில் ஒரு கப்பி மாட்டியிருந்தது. கயிற்றின் இரண்டு முனையிலும் மரக் கைப்பிடி. தோள் இறுகிப்போன ஒரு பள்ளி ஆசிரியை தினமும் அதன் கீழே உட்கார்ந்து நல்ல கையால் ஒரு முனையை இழுப்பார், மற்ற கை ஜம்மென்று மேலே போகும். மாமாவின் கண் அதைவிட்டு நகரவில்லை. மூன்று மாதத்தில் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது அன்றுதான்.

"மேடம், எனக்கு ஏன் அது இல்ல?"

அந்த அம்மா ஒரு கையில் யாரோ ஒருவரின் முழங்காலைப் பிடித்திருந்தார். "அது உங்களுக்கு இல்ல ஐயா" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புலம்பல். "அந்தச் சக்கரத்துல பேரிங்கே இல்ல மாப்ள. கயிறு பக்கவாட்டுல தேயுது. முப்பது வருஷம் ஆயிரம் கிலோ லிஃப்ட் பெட்டியை ஏத்தி இறக்கினவன் நான். நாலு கிலோ கையை ஏத்த முடியாதா?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இன்றைக்கு நினைத்தால் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் எங்கள் தொழிலில் எது நின்றுபோனாலும் கயிறு, கப்பி, எதிரெடை என்றுதான் யோசிப்போம். வேறு மாதிரி யோசிக்கத் தெரியாது. அக்கா ஒரு சலவை நிலையத்தில் ரசீது எழுதும் வேலைக்குக் காலை எட்டு மணிக்குப் போவாள். எட்டேகாலுக்கு நான் போனேன். பின்னறைக் கதவு நிலையில் இரண்டு துளை போட்டு, பழைய லிஃப்ட் கதவு இயந்திரத்திலிருந்து கழற்றிய பேரிங் சக்கரத்தை மாட்டினோம். மாமா நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டார். கையின் கனத்துக்கு ஈடான எதிரெடைக்கு ஒரு பையில் நட்டு போல்ட்டுகளைப் போட்டு, சமையலறைத் தராசில் நிறுத்து, குறைத்து, கூட்டி, நாலு தடவை சரிசெய்தார். விரல்கள் மூடாத இடது கையைக் கைப்பிடியோடு எலாஸ்டிக் பட்டையால் நான் சுற்றிக் கட்ட வேண்டும். அவர் வலது கையால் இழுப்பார், இடது கை தலைக்கு மேலே போகும்.

"பாத்தியா! சும்மா வெண்ணெய் மாதிரி போகுது!" என்று சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சிரித்தார். வேலை செய்தால் வலிக்கத்தானே செய்யும் என்று இருவரும் முடிவு கட்டினோம். தினமும் காலையில் நூறு தடவை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். கை தேறியதும் மேடம் முன்னால் திடீரென்று தூக்கிக் காட்ட வேண்டுமாம்.

தெரபிஸ்ட் அம்மா ஒவ்வொரு தடவையும் வலிக்கு ஒரு எண் கேட்பார். ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. எல்லாரும் ஐந்து, எட்டு என்பார்கள். நம்ம ஆள் "ஆறேகால்" என்பார். "போன தடவை ஆறே முக்கால் இல்ல, ஆறரைதான், திருத்திக்குங்க" என்பார். அந்த அம்மாவும் சளைக்காமல் திருத்தி எழுதுவார். ஆனால் எண் ஏறிக்கொண்டே போனது. ஏழு. ஏழரை. தலையணை சரியாக இருந்தது, யாரும் கையை இழுக்கவில்லை, அந்த அம்மா தோளைத் தாங்கி ஒட்டுப்பட்டை ஒட்டினார், மின்சாரத் தூண்டல் கொடுத்தார். எட்டேகால். மாமா அக்குளை ஒரு விரல் அளவுகூடத் திறக்க விடவில்லை.

ஒரு புதன்கிழமை அந்த அம்மா சிகிச்சையே ஆரம்பிக்காமல் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, ஒரு விஷயம் எனக்குப் புரியவே மாட்டேங்குது. ரெண்டு மாசமா ஏறிக்கிட்டே போன வலி, நடுவுல ஒரே ஒரு வாரம் நாலரைக்கு இறங்கியிருக்கு. மறுபடி ஏறிடுச்சு. அந்த வாரம் வீட்ல என்ன வித்தியாசம்?"

மாமா யோசித்தார். எண் சம்பந்தமான கேள்வி என்றால் அவருக்குப் பொய் வராது. "மாப்ள ஊர்ல இல்ல. வெளியூர்ல புது லிஃப்ட் மாட்டப் போயிருந்தான். எட்டு நாள்."

அந்த அம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த தசைப் படத்தை மிகுந்த அக்கறையோடு படிக்க ஆரம்பித்தேன்.

"அப்போ வலிக்குக் காரணம் நீங்கதானா சார்?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்குச் சத்தியம் ஒரு பக்கம், எட்டேகால் ஒரு பக்கம். அவர் வற்புறுத்தவில்லை. என்னை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, மாமாவின் வலது உள்ளங்கையை என் முதுகில், தோள்பட்டை எலும்பின் மேல் வைத்தார்.

"சார், கையை மேல தூக்குங்க."

தூக்கினேன்.

"ஏ! இது எங்க போகுது?" என்றார் மாமா. மாதக்கணக்கில் காணாமல் போயிருந்த குரல். "எலும்பு திரும்புதே! மறுபடி தூக்கு. இறக்கு. மெதுவா இறக்குடா! கை பாதி போனப்புறம்தான் இது கிளம்புதா? இல்ல கூடவேவா? ஏன் வெளிப்பக்கமா சாயுது?" பதினான்கு தடவை என்னைத் தூக்க வைத்தார். எனக்குத்தான் தோள் வலி வந்துவிடும் போலிருந்தது.

"கை மேல போகணும்னா அந்தத் தட்டு எலும்பு சாய்ஞ்சு இடம் விடணும் ஐயா" என்றார் அந்த அம்மா. பிறகு என் கையை எடுத்து மாமாவின் இடது முதுகில் வைத்தார். மாமாவின் இடது கையை முழங்கையிலும் மணிக்கட்டிலும் தாங்கி, ஒரு சாண் மட்டும் முன்னால் தூக்கினார். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தெரியுது சார்?"

என் உள்ளங்கைக்குக் கீழே அந்த எலும்பு ஒட்டிவைத்த மாதிரி கிடந்தது. "அசையல" என்றேன். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. தினமும் நூறு தடவை. என் கையால் கட்டிவிட்டு.

மாமாவுக்கும் உறைத்துவிட்டது. "லிஃப்ட் ஓடுற ரெயில் கோணலா இருக்கும்போது பெட்டியை இழுத்திருக்கோம் மாப்ள" என்றார்.

"இழுத்திருக்கோமா? எதை வச்சு?" என்றார் அந்த அம்மா.

மாமா எல்லாவற்றையும் சொன்னார். பேரிங் எந்த அளவு, எதிரெடை எத்தனை கிராம் என்பது வரை. நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துப் போனது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அந்த டீச்சருக்கு எலும்பு திரும்புது, தசைக்குப் பலம் இருக்கு, அதனால அவங்களுக்குக் கப்பி ஆகும். உங்களுக்கு ரெண்டும் இல்ல. மேல இழுத்தா குண்டு அதுக்கு மேல இருக்கிற எலும்புக் கூரையில போய் இடிக்கும், நடுவுல இருக்கிற தசைநார் நசுங்கும். இதை அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். நீங்க ஏன்னு கேட்டீங்க. நான் ஒரு வார்த்தையில முடிச்சிட்டேன்."

"நீங்க வேலையா இருந்தீங்க மேடம்" என்றார் மாமா.

அன்றே போய்க் கழற்றினேன். ஸ்டூலில் நின்று திருகாணியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அக்கா வேலையிலிருந்து வந்துவிட்டாள். பிடிபட்ட திருடன் மாதிரி நின்றேன். அவள் பையை மாட்டிவிட்டுச் சாவகாசமாகக் கேட்டாள்: "கழட்டிட்டியா? போன வாரம்தான்டா எண்ணெய் விட்டேன்."

"உனக்குத் தெரியுமாக்கா?"

"கதவு நிலையில ரெண்டு ஓட்டை விழுந்தா பெருக்கறவளுக்குத் தெரியாதா? கீச்சு கீச்சுன்னு சத்தம் வேற. தையல் மிஷின் எண்ணெய் விட்டேன்."

"ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். உள்ள உங்கிட்ட என்னமோ எடை கணக்கு சொல்லிச் சிரிச்சிட்டிருந்தாரு. எங்கிட்ட அவரு பேசியே எத்தனை நாளாச்சு. வாசல்லயே நின்னு கேட்டுட்டு, டப்பா எடுக்காமலே போயிட்டேன்" என்றாள். அதற்கு மேல் என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. திருகாணியைப் பார்த்துத் திருப்பினேன்.

அதற்குப் பிறகு கயிறு இல்லை, தூக்கல் இல்லை. மேசையில் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, வலது கை இடது கையை மெல்லத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வலி வருமுன் நிறுத்த வேண்டும். முதலில் தெரபிஸ்ட் அம்மா தோள்பட்டை எலும்பை விரல்களால் பிடித்து அசைத்துத் தளர்த்துவார், பிறகுதான் கை. மாமாவுக்கு இதெல்லாம் ஆமை வேகம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா பதில் சொன்னார். அடுத்த நோயாளிகள் வெளியே முணுமுணுத்தார்கள்.

ஒரு நாள் எங்களோடு வந்திருந்த அக்கா தயங்கித் தயங்கி அந்தப் புண்ணைப் பற்றிக் கேட்டாள். அந்த அம்மா மாமாவை உயரமான மேசை முன் உட்கார வைத்து, இடது கையைத் துண்டின் மேல் வைத்தார். "கையைத் தூக்க வேண்டாம் ஐயா. கை அங்கேயே இருக்கட்டும். நீங்க இடுப்பைப் பின்னால தள்ளி, அப்படியே குனிங்க."

மாமா குனிந்தார். கை இருந்த இடத்திலேயே இருந்தது. உடம்பு இறங்க இறங்க, விலாவுக்கும் கைக்கும் நடுவே மூன்று விரல் இடம் திறந்தது. அவர் கத்தவில்லை. குனிந்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"பெட்டியை ஏத்தல மாப்ள. கட்டடத்தை இறக்கிட்டாங்க!"

அந்த அறையில் எல்லாரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்று எனக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும்.

ஏழு வாரம் ஆனது. இடது கை இன்றைக்கும் ஒரு திருகாணியைப் பிடிக்காது, இனி பிடிக்குமா என்பதும் தெரியாது. வலியின் எண் மூன்றேகாலுக்கு வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளியலறையில் ஒரு சின்ன மேசையைப் போடச் சொன்னார். நான் போட்டேன். உதவிக்கு நின்ற அக்காவையும் என்னையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடாமலிருக்க மட்டும் சம்மதித்தார்.

அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. தண்ணீர் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. எதுவோ கீழே விழுந்தது, அக்கா கதவைத் தள்ளப் போனாள், உள்ளேயிருந்து "சோப்பு, சோப்பு" என்று குரல் வந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. வேட்டியும் வெற்றுடம்புமாகத் தடியை ஊன்றி நின்றார். தலையில் தண்ணீர் சொட்டியது. சோப்பு வாசம் நடை முழுக்க வந்தது. ஜெயித்துவிட்டு வந்தவர் போலெல்லாம் அவர் முகம் இல்லை, களைத்துப்போயிருந்தார்.

அக்கா துண்டோடு போனாள். துடைக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேரே அந்த இடது தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கூடப் பிறந்தவன் முன்னால் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன். பின்னால் அவள் சட்டென்று பதறுவது கேட்டது.

"ஐயோ, அந்தத் தோள்! வலிக்குதா?"

"வலிக்குது" என்றார் மாமா. "நகராத."